ஜெபத்தில் சொன்ன தலைவலி

அந்த வீட்டில் தினமும் மாலை ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். மழையோ காய்ச்சலோ, தவறியதில்லை. பூட்டு ரிப்பேர்க்காரர் முதலில் ஜெபிப்பார். வீட்டுத் தலைவர் அல்லவா, இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். அடுத்து மனைவி. கடைசியில் பதினான்கு வயது மகள், பசி வேகத்தில் மூன்றே வாக்கியம். கிறிஸ்தவக் குடும்பத்தை இப்படித்தான் கட்ட வேண்டும் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்லும் அளவுக்கு அவருக்கு அதில் பெருமை.

மூன்று வாரமாக மனைவியின் ஜெபம் மகளுடையதைவிடச் சிறுத்துவிட்டது. "ஆண்டவரே, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். ஆமென்." அவ்வளவுதான். பால்காரரின் முதுகுவலி வரைக்கும் ஆண்டவரிடம் முறையிட்டவள் அவள். மடியில் கனமில்லாமல் இவள் வாயை மூடமாட்டாளே என்று பூட்டுக்காரர் நினைத்தார். அடுத்தவர் கதவையெல்லாம் திறந்தே பிழைக்கிற மனிதர். மூடியிருக்கும் எதுவும் அவருக்குப் பொறுக்காது.

ஒரு நாள் பிற்பகல் மூன்று மணிக்கு, மறந்து வைத்த அரத்தை எடுக்க வீட்டுக்கு வந்தார். மகள் பள்ளியில் இருந்தாள். சாமான் அறைக்குள்ளிருந்து மனைவியின் தாழ்ந்த குரல் கேட்டது. இடுப்பிலிருந்த சாவிக்கொத்து குலுங்கியதும் குரல் நின்றது. கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

"யார்கூட பேசிக்கிட்டிருந்தே?"

"யார்கூடயும் இல்லையே. வெங்காயம் எடுக்க வந்தேன்."

கையில் வெங்காயம் இல்லை. கண் மட்டும் சிவந்திருந்தது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன, நிஜத் தலைவலியா, ஜெபத்துல சொன்ன தலைவலியா?" என்று சிரித்தார். ஒரு மாதமாக அந்த வீட்டில் ஓடுகிற கேலி அது. அவள் சமையலறைக்குப் போனாள்.

அன்று மாலையே அந்தக் கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டார். ஆறு மாதமாக அவள் கெஞ்சியும் நடக்காத வேலை. "இப்பவாவது தோணிச்சே, ரொம்ப நன்றிங்க" என்று அவள் மனதாரச் சொன்னாள். வேறு யாராயிருந்தாலும் வெட்கத்தில் பூமிக்குள் போயிருப்பார்கள். இவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

மறுநாள் மூன்று மணிக்குச் சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, செருப்பைச் சத்தமில்லாமல் வாசலில் கழற்றிவிட்டு, சொந்த வீட்டுக்குள் திருடனைப் போல நுழைந்தார். அதே குரல். சமையல் மேடையில் அவளுடைய போன் கிடந்தது. எடுத்துத் திறந்து யார் யார் பேசினார்கள் என்று பார்த்தார். அக்கா, தையல்காரம்மா, மறுபடியும் அக்கா, மகளின் பள்ளி. போன் இவர் கையில் இருக்கிறது. உள்ளே பேச்சு நடக்கிறது. அப்படியானால் உள்ளே ஒரு ஆள்!

கதவை ஒரு விரல் அகலம் தள்ளினார். சத்தமே வரவில்லை, நல்ல எண்ணெய்.

வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் அவள் முழங்காலில் நின்றிருந்தாள். வேறு யாரும் இல்லை. மனைவி ஜெபித்துக்கொண்டிருக்கலாம் என்பது, இத்தனை வருடம் ஜெபம் நடத்திய மனிதருக்குத் தோன்றவே இல்லை. தான் இல்லாமல் அந்த வீட்டில் ஜெபம் நடக்கும் என்று அவர் எங்கே கண்டார்!

அப்படியே திரும்பியிருக்கலாம். காது விடவில்லை.

"ஆண்டவரே, பத்து நாளா நிஜமாவே தலை பிளக்குது. கண்ணு மங்குது. பயமா இருக்கு. அவர்கிட்ட சொல்லலாம்னா சிரிப்பாரு. உங்ககிட்ட சொன்னதை வச்சே என்னை அடிக்கிறவர் முன்னாடி, நான் உங்ககிட்ட எப்படிப் பேசுவேன்?"

பூட்டுக்காரர் கதவிலிருந்து விரலை எடுத்தார். போன மாதம் அவருடைய தங்கை வீட்டு விருந்துக்குப் போகப் பிடிக்காமல் அவள் தலைவலி என்று சொல்லியிருந்தாள். மாலை ஜெபத்தில் அவளாகவே அழுது, பொய் சொன்னேன், மன்னியும் என்று ஒப்புக்கொண்டாள். ஆண்டவர் மன்னித்திருப்பார். இவர்தான் தங்கைக்குப் போன் போட்டுச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். அன்று பிறந்ததுதான் அந்தக் கேலி. முதல் தடவை மகளும் சிரித்தாள். இரண்டாம் தடவை அவள் சிரிக்காததை இவர் கவனிக்கவில்லை.

அன்று மாலை ஏழு மணிக்கு அவர் வழக்கத்துக்கு மாறாக முழங்காலில் நின்றார். மகள் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

"ஆண்டவரே," என்றார். "என் மனைவி மேல சந்தேகப்பட்டு, கதவுக்கு வெளியே நின்னு ஒட்டுக் கேட்டேன். அவ போனை நோண்டினேன். கீலுக்கு எண்ணெய் விட்டதும் அதுக்குத்தான். அவ உம்மகிட்ட அழுததை எடுத்துச் சிரிச்சேன். மன்னியும். ஆமென்."

மனைவி ஜெபிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள்.

காலையில் அவர் அடிக்குக் காத்திருந்தார். இனி அவள் முறை. கீலுக்கு எண்ணெய் விட்ட கதையை ஆயுசுக்கும் சொல்லிக் காட்டலாம், அவராயிருந்தால் காட்டியிருப்பார். தலைவலியைப் பற்றிக் கேட்க நாக்கு துடித்தது. ஆனால் அது அவரிடம் சொன்னதல்லவே. கடைக்குக் கிளம்பும் நேரம் வரை பார்ப்பது, அதற்குள் அவளாகச் சொல்லாவிட்டால் காலில் விழுந்தாவது கேட்பது என்று முடிவு செய்திருந்தார்.

அவள் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். மகளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அப்பா, குளியலறைக் கதவும்தான் கிறீச்சிடுது. அங்கே யாரை..."

"ஏய்!" என்றாள் தாய். "ஜெபத்துல சொன்னதைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டு வராதே."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பூட்டுக்காரரும்தான். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவி அவருக்கு எதிரே உட்கார்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க, எனக்குத் தலை வலிக்குது."

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.