கிரெம்லர்ஸ் மேல் வாசல்

பாஸ்டர் வெண்டல் ஸ்ட்ரவுட் காதில் ஒரே ஒரு சொல் விழுந்தால் போதும், காது மடல் இரண்டும் சிவந்துவிடும். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. எங்கள் கார்வில் ஊரில் குழந்தைகள் அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகச் சொல்லப் பழகும் பெயர்: கிரெம்லர்ஸ்.

வொயிட் ஓக் மாலின் வடக்கு முனையில் இருந்த பெரிய கடை அது. துணி, செருப்பு, சென்ட், மெத்தை, டோஸ்டர் என்று சகலமும் இரண்டு மாடியில் கிடைக்கும். கடை மூடிப் பல வருஷம் சும்மா கிடந்த கட்டடத்தை எங்கள் ஜீவத் தண்ணீர் சபை வாங்கியது. நான் அங்கே பியானோ வாசிக்கிறவள். பெயர் நாடீன்.

மாலின் நடுவே இருக்கும் சின்னக் கடைகளுக்கு முகமே கிடையாது. இன்றைக்குச் செருப்பு, நாளைக்கு செல்போன். ஆனால் முனைக்கு ஒன்றாக நின்ற பெரிய கடைகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு முகத்தோடு வந்தவை. கிரெம்லர்ஸ் முகம் ஐந்து வெள்ளை வளைவுகள். மேட்டில் கட்டியதால் மேல் மாடிக்கும் தரையிலிருந்தே ஒரு வாசல். உள்ளே ஜன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று இல்லை, பொழுது சாய்வது வாங்க வந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதல்லவா. நடைபாதை வட்டமாக ஓடும். வெளியே போகிற வழி தேடுகிறவர் இன்னொரு தரம் மெத்தைப் பகுதியைப் பார்த்துவிட்டுத்தான் போக முடியும். எங்கள் பாஸ்டரின் பிரசங்க நீளத்துக்கு அளவெடுத்துக் கட்டியது போன்ற கட்டடம்.

ஆனால் அவருக்கோ அந்த முகம் ஆகவில்லை. வளைவுகளை நீலத் துணி போட்டு மூடினார். சுவரில் இருந்த பெயரின் மேல் வெள்ளையடித்தார். எழுத்துகளைக் கழற்றி நெடுநாள் ஆகியிருந்தாலும், அவை மறைத்திருந்த இடத்தில் செங்கல் புதிதாகவே இருந்தது. சுற்றியுள்ள செங்கல்லை மழையும் புகையும் தின்றிருந்தன. வெயிலில் சுவர் சாதுவாக இருக்கும். மழை பெய்தால் போதும், வெள்ளைக்குள்ளிருந்து கிரெம்லர்ஸ் என்று பெயர் எழுந்து நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், கிரெம்லர்ஸை வெள்ளையில் மறைக்க முடியாது.

எங்கள் ஜனமும் லேசுப்பட்டது இல்லை. எங்கே நாற்காலி போட்டாலும் விதவைகள் சென்ட் பகுதியில்தான் உட்காருவார்கள். ஆண்கள் சுத்தியலும் ரம்பமும் விற்ற மூலையில். புதிதாகக் கல்யாணமான ஜோடிகள் மெத்தைப் பகுதியில், கேட்டால் அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறதாம்.

போதாக்குறைக்கு ஆர்வில் டேஸ். மனைவியை இழந்த பெரியவர். சபை திறந்த முதல் வாரமே கையில் டோஸ்டரோடு வந்து நின்றார்.

"திருப்பிக் குடுக்க வந்தேன்" என்றார். "ஒரு பக்கம் கருக்குது, இன்னொரு பக்கம் சுடவே மாட்டேங்குது."

"இது சர்ச்சுங்க" என்றார் பாஸ்டர்.

"அது தெரியுதுப்பா. கவுன்ட்டர் எங்க?"

"கடை மூடியாச்சு! எப்பவோ மூடியாச்சு!"

"எப்ப வேணாலும் கொண்டாங்க, ஒரு கேள்வி கேக்க மாட்டோம்னு சுவத்துல எழுதி வெச்சிருந்தாங்க. நீ என்ன இத்தனை பேசற?"

டோஸ்டரோடு அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார் பாஸ்டர். ஆர்வில் விடுகிறவர் இல்லை. அவ்வப்போது வருவார், அதே டோஸ்டர், அதே பதில்.

இந்த நிலையில்தான் பிஷப் டாக்கெட் போன் செய்தார். கார்வில்லில் அப்படி ஒரு சபை இருப்பதே யாருக்கும் தெரியவில்லையாம். ஊருக்கே தெரியாத சபைக்கு இவ்வளவு பெரிய கட்டடம் எதற்கு, விற்றுவிட்டு டால்டன் ஊர் சபையோடு சேர்த்துவிடலாமா என்று பேச்சு வந்திருக்கிறதாம். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு தானே வந்து, ஊரில் விசாரித்துக்கொண்டே வழி கண்டுபிடித்து வருவதாகச் சொன்னார்.

பாஸ்டர் முகம் செத்துப்போயிற்று. எனக்கும் சொந்தக் கவலை ஒன்று இருந்தது, மறைப்பானேன்? டால்டன் சபையில் ஏற்கெனவே ஒரு பியானோக்காரி இருக்கிறாள். தாளம் அவளுக்கும் தூரம். ஆனால் அந்த ஊர் பாஸ்டரின் மைத்துனி.

அன்று மாலையே சட்டம் வந்தது. "இனிமே அந்தக் கடைப் பேரை இங்க யாரும் சொல்லக் கூடாது. ஊருக்கு நம்ம பேரு பழகணும். சொன்னவங்க எஸ்கலேட்டரைத் தேய்க்கணும்."

நடுக்கூடத்தில் ஓடாமல் நின்றுபோன எஸ்கலேட்டர் ஒன்று இருக்கிறது. அதன் படிகளில் சீப்புப் பற்கள் மாதிரி பள்ளங்கள். ஒவ்வொரு பள்ளத்தையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும் என்பது தண்டனை. முதலில் தேய்த்தவள் நான்தான். வாய் சும்மா இருந்தால்தானே!

அந்த ஞாயிறும் வந்தது, கூடவே மழையும். சபை நிறைந்திருந்தது. பிஷப்பைக் காணோம். சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு மேடை ஓரத்தில் பாஸ்டர் நிலைகொள்ளாமல் நடந்தார். போன் அடித்தது. திரும்பி நின்று தாழ்ந்த குரலில் பேசினார். தாழ்ந்த குரல் என்பது அவர் நினைப்பு. மைக்கின் சிவப்பு விளக்கு எரிவதை நான் பியானோவிலிருந்து பார்த்தேன். ஒரு கை காட்டியிருந்தால் போதும். காட்டவில்லை.

"எங்க இருக்கீங்க, பிஷப்?" என்று கூரை முழுக்கக் கேட்டது. "பெட்ரோல் பங்க்ல கேட்டீங்களா? ஓ... அவனுக்குத் தெரியலையா... டோனட் கடையிலயுமா? சரி, சரி, மாலுக்குள்ள வந்துட்டீங்கல்ல? பசங்க குதிக்கிற டிராம்போலின் கடை போர்டு தெரியுதா? அது இல்ல. வண்டி லைசென்ஸ் ஆபீஸ்... அதுவும் இல்ல, அதத் தாண்டி வாங்க. வெள்ளைக் கட்டடம்."

சென்ட் பகுதியில் விதவை ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

"எல்லாமே வெள்ளையா இருக்கா? வளைவைப் பாருங்க, அஞ்சு வளைவு... ஆமா, தெரியாது. நான்தான் துணி போட்டு மூடிட்டேன்... இல்ல பிஷப், திரும்பிப் போயிடாதீங்க! மறுபடி சுத்துறீங்களா? ஐயோ, டால்டன் ரோட்டுல ஏறிடாதீங்க! ஏறாதீங்க!"

பிறகு, பாவம், உடைந்துபோனார்.

"கிரெம்லர்ஸ், பிஷப்! கிரெம்லர்ஸ் மேல் வாசல்! சென்ட் விக்கிற பக்கம்!"

கூரையில் இருந்த ஒலிபெருக்கிகள் அத்தனையும் அதை அலறின. சுத்தியல் மூலையில் ஒருவர் கை தட்டினார். அவ்வளவுதான், சபையே எழுந்து தட்டியது. நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பாஸ்டர் அன்றைக்கு மைக் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். காது மடல் சிவப்பைக் கடைசி வரிசையிலிருந்தே பார்த்திருக்கலாம்.

கைதட்டல் அடங்குமுன் மேல் வாசல் வழியாகச் சொட்டச் சொட்ட பிஷப் வந்தார். நேராக நடந்து, தயக்கமே இல்லாமல் வட்டப் பாதையில் திரும்பி, மெத்தைப் பகுதியைச் சுற்றி மேடைக்கு வந்து சேர்ந்தார்.

"கிரெம்லர்ஸ்னு முதல்லயே சொல்றதுக்கு என்னய்யா?" என்றார். "எங்கம்மா எனக்கு முதல் கோட்டு வாங்கிக் குடுத்தது அதோ, அந்தத் தூண் பக்கத்துல. வெளிய சுவத்துல பேரே எழுந்து நிக்குது, நான்தான் சர்ச்சத் தேடிக்கிட்டு அதப் பாக்காம சுத்திட்டேன்."

பாஸ்டர் தலை குனிந்தார். "மன்னிக்கணும், பிஷப். எங்க சபை பேரு ஊருக்குத் தெரியலதான்."

"ஜீவத் தண்ணீர்னா ஒருத்தனுக்கும் தெரியல. கிரெம்லர்ஸ்னா கண்ண மூடிக்கிட்டு வருவானுங்க. ஊருக்கே வழி தெரிஞ்ச வாசலைக் கையில வெச்சுக்கிட்டு அதுக்கு வெள்ளையடிக்கிறீரே, புத்தி இருக்கா உமக்கு? துணியக் கழட்டும். கட்டடத்த விக்கிற பேச்சு இனி கிடையாது."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் எந்தப் பாட்டை வாசித்தேன் என்று நினைவில்லை. கடையின் பழைய விளம்பரப் பாட்டு என்று சிலர் சொல்கிறார்கள். அபாண்டம்.

மறுநாள் காலையில் நான் போனபோது துணிகள் இறங்கியிருந்தன. ஐந்து வளைவும் ஈரத்தில் பளிச்சென்று நின்றன. உள்ளே எஸ்கலேட்டரில் மண்டியிட்டு, பல் பிரஷ்ஷோடு பாஸ்டர் பள்ளம் பள்ளமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். சட்டம் போட்டவருக்கும் சட்டம்தானே. பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்தித் தேய்க்கும்படி ஆலோசனை சொல்லிவிட்டு வேடிக்கை பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்து மேல் வாசல் திறந்தது. ஆர்வில், கக்கத்தில் டோஸ்டர்.

பாஸ்டர் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, டோஸ்டரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சபையின் சமையல் அறைக்குள் போய் அங்கிருந்த நல்ல டோஸ்டரைக் கொண்டுவந்து நீட்டினார்.

ஆர்வில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை திறந்திருப்பீங்களா?"

"திறந்திருப்போம்" என்றார் பாஸ்டர்.

ஈஸ்டர் அன்று ஆர்வில் சென்ட் பகுதியில், விதவைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். ஆராதனை முடிந்து காப்பியோடு வந்த ரொட்டி எல்லாம் ஒரு பக்கம் கருகியும் மறுபக்கம் வேகாமலும் இருந்தது. யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.