பின்பக்கம் பார்க்கிற குடும்பம்

என் கணவர் பழைய வெள்ளி நகைகளுக்கு மதிப்புப் போட்டுக்கொண்டிருந்தவர். எந்த நகையைக் கொடுத்தாலும் முதலில் கவிழ்த்துப் போடுவார். "முன்னாடி எல்லாம் மேக்கப்பு. பின்னாடி பாரு" என்பார். அது வீட்டுக்கே தொற்றிவிட்டது. எங்காவது விருந்துக்குப் போனால் நானும் என் நாத்தனாரும் பக்கத்தில் இருக்கிறவர்களின் காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

நாத்தனார் அவருடைய ஒரே தங்கை. அவர் இறந்துபோய்ச் சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் வந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணி, உங்க பட்டாம்பூச்சியை எடுத்துட்டு வாங்க. அண்ணன் இருந்தவரைக்கும் நான் வாயைத் திறக்கல."

"எப்போ மூடினே?"

"அது எங்க அம்மாவுது. எனக்குத்தான் வரணும். இதை நீங்க வெச்சுக்குங்க" என்று தன் தோளில் இருந்த பட்டாம்பூச்சியைத் தட்டிக்காட்டினாள்.

மாமியார் விட்டுப்போனது சேலையில் குத்திக்கொள்ளும் ஒரே ஒரு பட்டாம்பூச்சி ப்ரோச். முடியளவு மெல்லிய வெள்ளிக் கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்கி, சுருட்டிச் சுருட்டி இறக்கை செய்திருக்கும். தங்கைக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர், அதை வைத்து அச்செடுத்து இன்னொன்று வார்க்கச் சொல்லி, ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். எது அம்மாவுடையது என்று மட்டும் சொல்லவில்லை. "ரெண்டும் வெள்ளிதான், ரெண்டும் பறக்காது. போய் வேலையப் பாருங்க" என்றுவிட்டார்.

நாங்கள் விடுவோமா? வாங்கிய கையோடு திருப்பிப் பார்த்தோம். என்னுடையதில் ஊசி முனையை மாட்ட வெறும் கொக்கி. அந்தக் காலத்து வேலை அப்படித்தான் இருக்கும். அவளுடையதில் உருட்டிப் பூட்டினால் கழலாத புதுப் பூட்டு. தீர்ந்தது விசாரணை. அதற்கப்புறம் முன்பக்கத்தை யார் பார்த்தார்கள்? அவளுக்கு அழுகை. எனக்கு உள்ளே கொண்டாட்டம், வெளியே ஐயோ பாவம் முகம். அன்றிலிருந்து அவள் குத்திக்காட்டாத நாளில்லை. அவர் மட்டும் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பார்.

அவள் கேட்பது நியாயம்தான். ஆனால் அவர் மதிப்புப் போடக் கொண்டுவரும் மற்ற நகைகள் எல்லாம் கடையிலிருந்து வந்து கடைக்கே திரும்பிப் போய்விடும். அவர் தன் கையால் எனக்குக் குத்திவிட்டது இது ஒன்றுதான். தோளையும் சேர்த்துக் குத்தினார் என்பது வேறு விஷயம்.

உள்ளே போய், பீரோவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, எடுத்துக்கொண்டு வந்தேன். அவள் அவருடைய நாற்காலியில் தொங்கிய ஸ்வெட்டரை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததும் சட்டென்று விலக்கப் பார்த்தாள். வரவில்லை.

"அண்ணி, அண்ணன் விடமாட்டேங்கிறாரு!" அழுகையும் சிரிப்புமாகக் கத்தினாள்.

கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் பட்டாம்பூச்சி நூலைக் கவ்விக்கொண்டிருந்தது.

அந்த ஸ்வெட்டர் முழுக்க இழுபட்ட நூல்கள்தான். சந்தேகம் வந்தால் அவர் நகையை அதில் தேய்ப்பார். கையால் முறுக்கிய கம்பி நூலை இழுக்கும். அச்சில் வார்த்தது வழுக்கிக்கொண்டு போகும். அவருக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுப்பது ஆட்டுக்குப் பாய் முடைந்து கொடுப்பது மாதிரி.

என்னுடையதை அந்த ஸ்வெட்டரின் கையில் வைத்துத் தேய்த்தேன். வழுக்கியது. இன்னொரு தரம் அழுத்தித் தேய்த்தேன். வெண்ணெய் மாதிரிப் போனது.

அவருடைய லென்ஸை எடுத்து வந்தேன். அவளுடையதில் கம்பிகளின் முறுக்கு கயிறு மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. என்னுடையதில் முறுக்கெல்லாம் மழுங்கி, சுருள்களின் இடுக்கு அடைந்துபோயிருந்தது. பழக்கதோஷம், அவளுடையதைத் திருப்பினேன்.

"பூட்டைச் சுத்தி பாரு. பழைய கொக்கியைப் பேர்த்த தழும்பு."

"அந்தக் கொக்கி எங்க?"

"இதோ, என்னுதுல ஒட்டவெச்சிருக்காரு."

"பழசுல பூட்டை மாத்தினா பாதி மதிப்பு போயிடும்னு அவரே கத்துவாரே! வேற எவனாவது செஞ்சிருந்தா உயிரோட விட்டிருப்பாரா? எதுக்கு அண்ணி இப்படிப் பண்ணாரு?"

நான் அவளைப் பார்த்தேன். ஒற்றைத் தோடுகள், வீட்டுச் சாவிகள், ஒரு தடவை பஸ்ஸில் ஒரு கால் செருப்பு. எதைத்தான் அவள் தொலைக்கவில்லை?

"உனக்குத் தெரியாதா?"

தெரிந்துவிட்டது. ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்போ இத்தனை வருஷம் நான் போட்ட சண்டையெல்லாம் வேஸ்டா?"

"என் பெருமையும்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னுடையதைக் கையில் வாங்கி, அண்ணன் மாதிரியே உதட்டைப் பிதுக்கினாள். "வெறும் எடைக்குத்தான் போகும், அண்ணி."

"எங்கேயும் போகாது" என்று பிடுங்கித் தோளில் குத்திக்கொண்டேன். இந்த முறையும் சுருக்கென்றது.

குடையை மறந்துவிட்டுக் கிளம்பினாள். மாடிப்படியில் ஓடிப்போய்க் கொடுத்தேன். குடையை வாங்கியவள் கைப்பையை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். தோளில் பட்டாம்பூச்சி மட்டும் அசையாமல் இருந்தது.