தூசி துடைத்த வானம்

1
“அம்மா, நட்சத்திரம் பொறக்குறப்ப பக்கத்துல யாரு இருப்பாங்க?”

கதை இந்தக் கேள்வியில் பிறந்தது. கேட்டவளுக்கு ஐந்து வயது. அம்மா, கோளரங்கத்தில் வானத்தை விளக்கிப் பேசுகிறவள்.

“யாரும் இல்லடி. வாயுவும் தூசியும்தான்.”

“அய்யோ, பாவம்.”

அந்தப் ‘பாவம்’ என்னை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

2
முதலில் இப்படி எழுதினேன்: ‘குளிர்ந்த இருண்ட மேகம் தன் பாரத்தாலேயே உள்ளே சரிந்து, இறுகி, சூடேறி, நடுவில் ஒரு...’ நிறுத்திவிட்டேன். பாடம் நடத்துகிறேன். கதைக்கு ஆள் வேண்டும்.

ஆகவே, அதே கோளரங்கத்தில் எல்லாரும் ‘அக்கா’ என்று கூப்பிடும் ஒருத்தி. தொலைநோக்கிப் படங்களில், கண்ணாடியில் ஒட்டிய தூசியால் விழும் கறைகளைக் கணினியில் அழிப்பவள். அவள் கண்கள் நட்சத்திரங்களைப் போல... (வேண்டாம். இந்தக் கதையில் அந்த உவமைக்கு இடமில்லை.)

இன்று மாலைக் காட்சிக்கான படத்தின் நடுவில் ஒரு கருந்திட்டு. கைப்பழக்கத்தில் அதையும் அழித்துவிட்டாள். அது கறையல்ல, நட்சத்திரம் பிறக்கும் மேகமே அதுதான்.

(அக்காவை அசட்டையானவளாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. துடைத்துத் துடைத்துத் தேர்ந்த கைக்குத்தான் இந்தத் தவறு வரும்.)

3
மேகம் காணாமல்போனதை ஒத்திகையில் கவனித்தது விளக்குகிறவள் மட்டும்தான், அந்தச் சிறுமியின் அம்மா. ‘இன்னொரு தப்பு வந்தா வேற வேலை பாத்துக்கங்க’ என்று மேலாளர் அக்காவிடம் போன வாரம்தான் சொல்லியிருந்தார்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? படம் எப்படி? கண்ணுல ஒத்திக்கலாம்ல?”

“ஒரு தூசிகூட இல்லக்கா.”

“பின்ன? யாரு கை!”

“நீங்க போய்ச் சாப்பிடுங்க. நான் பிறகு வரேன்.”

4
அவளை மேலாளரிடம் சொல்ல வைக்கலாம். என் பேனா நகர மறுக்கிறது. அக்காவிடமே சொல்ல வைக்கலாம். அக்கா பதறுவாள், நன்றி சொல்வாள், நாளை முதல் தலைகுனிந்து நடப்பாள். அதுவும் வேண்டாம்.

ஏனென்றால், விளக்குகிறவளின் பிரசவத்துக்கு உறவென்று ஒருவரும் வராதபோது, விடியும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இந்த அக்கா. மறுநாள் வேலைக்கு வந்தவள், அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

5
அறை காலி. அக்காவின் நாற்காலியில் விளக்குகிறவள் உட்காருகிறாள். மூலப்படத்தைத் திறக்கிறாள். மேகம் அங்கே பத்திரமாக இருக்கிறது. அதை மெல்ல எடுத்து, மாலைக் காட்சிப் படத்தின் நடுவில்...

இதற்குமேல் நான் பார்க்கக் கூடாது. ஆண்டவன் பார்க்கிறான், அது போதும். வாசகரே, நீங்களும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.