ஏறிய எடை

எங்கள் வீட்டுக்காரர் காத்தவராயனுக்கு வாயில்லையா என்ன? கரையில் வலை இழுக்கும்போது அவர் போடும் சத்தம் குருசுக்குப்பம் முழுக்கக் கேட்கும். சொல்ல வேண்டிய ஒன்றை மட்டும் அந்த மனுஷன் சொல்லாமல் விட்டுவிட்டார். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி, வீட்டுக்கு ஓர் எடை மெஷின் கொடுத்து அனுப்பினார்கள். தினமும் காலையில் அதில் ஏறி நின்று, வருகிற எண்ணை நர்ஸ் சுடர்விழிக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். அதையெல்லாம் அவள் விளக்கியபோது நான் மாத்திரை வாங்கும் வரிசையில் நின்றிருந்தேன். கேட்டுக்கொண்டவர் அவர்தான். போனும் அவருடையதுதான்.

கொஞ்ச நாள் எடை அசையவில்லை. பிறகு ஏற ஆரம்பித்தது. எலும்பும் தோலுமாக வீடு வந்த மனுஷன் தேறுகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மீன் மார்க்கெட்டில் கூடையை இறக்கியதும் அதே பேச்சுதான்.

"எங்க ஊட்டுக்காரருக்கு ஒடம்பு ஏறுது. கன்னங்கூட வச்சிருக்கு."

"என்னா வீராயி, கொழம்புல என்னாத்தப் போடுற? எங்களுக்கும் சொல்லேன்" என்று பக்கத்துக் கடை அமுதவல்லி கிண்டல் செய்வாள். விற்காமல் எடுத்து வந்த வஞ்சிரத் துண்டை அவர் தட்டில்தான் வைப்பேன்.

காலையில் அவர் மெஷினில் நிற்க, நான் குனிந்து எண்ணைப் பார்த்துச் சிரிப்பேன். அவரும் சிரிப்பார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவார்.

ஒருநாள் மூச்சுவிட முடியாமல் சுவரைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினேன். சுடர்விழி அவர் காலை அமுக்கினாள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது.

"இது சதை இல்லக்கா, தண்ணி. ரெண்டு கிலோ ஏறினாலே சொல்லுங்கன்னு அண்ணன்கிட்ட படிச்சிப் படிச்சி சொன்னனே. மாத்திரையக் கூட்டியிருப்போம். தெனம் பழைய எடையத்தான் அனுப்பியிருக்காரு."

தண்ணீர் வடியாத இறாலை எவளாவது தராசில் வைத்தால் அவளை நாறடித்துவிடுவேன் நான். என் புருஷன் உடம்பில் ஏறிய தண்ணீர் என் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

"தெரிஞ்சே ஏன்யா மறைச்ச?" என்று கட்டிலருகே போய்க் கத்தினேன்.

அவர் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கினார். "நான் படுத்ததுலேர்ந்து நீ சிரிச்சே பாக்கல. இப்பதான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்து சிரிச்ச. நாளைக்கி சொல்லிக்கலாம், நாளைக்கி சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

"என் சிரிப்பக் கொண்டுபோயி அடுப்புல போடு" என்றேன். கையைப் பிடித்துக்கொண்டேதான் திட்டினேன்.

ஊசி போட்டு நீரையெல்லாம் எடுத்தார்கள். முகம் வற்றியது, கால் வீக்கம் வடிந்தது, மறுபடி எலும்பும் தோலுமாகிவிட்டார். ஆனால் இதயம் தாங்கவில்லை.

ஆம்புலன்ஸ் தெருவுக்கு வந்ததும் அவரை இறக்க அவர் பங்காளிகள் ஆறு பேர் ஓடிவந்தார்கள். இரண்டு பேர் போதும் என்றேன்.