கல் கடிபட்டால்

விளக்குகள் பட்டென்று அணைந்தபோது இமெல்டாவின் கை தானாகப் போய்ப் பக்கத்திலிருந்த கணவனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் மேசையைச் சுற்றியிருந்த வெள்ளைக்காரர்கள் யாரும் பதறவில்லை, கைதட்டிச் சிரித்தார்கள். சமையலறைக் கதவு திறந்தது. மிஸிஸ் ஹார்வூட் நீல நெருப்பு எரியும் தட்டொன்றை ஏந்திக்கொண்டு இருட்டுக்குள் மெதுவாக நடந்து வந்தார்.

"இஞ்சேருங்கோ, அது எரியுதெல்லே!"

"எரியட்டும். பிராந்தி ஊத்திக் கொளுத்தியிருக்கினம். வேலையிடத்திலை ஒருத்தன் சொன்னவன். நீர் பேசாமல் இரும்," என்றான் எமிலியானுஸ். அவன் சென்ட் லோரன்டில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிற வேலையில் இருந்தான். உலகத்துச் சங்கதி முழுவதும் அவனுக்கு அங்கேதான் கிடைத்தது.

இமெல்டா புவாண்ட்-கிளேரில் மிஸிஸ் ஹார்வூட்டின் அந்த வீட்டை வியாழன்தோறும் கூட்டித் துடைப்பவள். இந்த நாட்டுக்கு வந்து இரண்டு வருடமாகியும் எங்கள் சாப்பாட்டை ருசி பார்க்கவில்லையா என்று கிழவி பிடிவாதம் பிடித்து, கிறிஸ்மஸ் விருந்துக்குப் புருசனோடு வரச் சொல்லிவிட்டார். பேசாலையில் பிறந்தவள், நள்ளிரவுப் பூசை முடித்த கையோடு ஆட்டிறைச்சிக் குழம்பில் கைவைப்பவள், மத்தியானத்திலிருந்து கத்தியும் முள்ளுக்கரண்டியுமாக அல்லாடிக்கொண்டிருந்தாள். வாட்டிய மாட்டிறைச்சி வந்தது. அதோடு யோக்‌ஷயர் புடிங் என்று ஒன்று, அப்பம்போல் நடுவில் குழி விழுந்து. பெயர்தான் புடிங், இனிப்பில்லை. பாலில் ஊறின பாண் ஒரு கிண்ணத்தில். கோவாவுக்குப் பிறந்த குட்டிகள்போல் இலை சுருண்ட பச்சை உருண்டைகள். ஒவ்வொன்றையும் அவள் வாயில் வைக்கும்போது மேசை முழுவதும் கண்ணெடுக்காமல் பார்த்தது. எல்லாவற்றுக்கும் "நல்லாயிருக்கு" என்று தலையாட்டினாள். உண்மையில் நல்லாயிருந்தது அந்த வெள்ளைக் கிழங்குச் சட்னி ஒன்றுதான். அது மூக்கில் ஏறிக் கண்ணீரை வரவழைத்தபோது அவளுக்கு ஊர்ப்பக்கம் வந்ததுபோல் இருந்தது.

சாப்பாட்டுக்கு அவள் பயப்படவில்லை. அவளுடைய பயம் ஜனவரியில் இருந்தது. அகதி விசாரணையின் முதல் அமர்வில், ஊரில் அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டுபோனதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். கண்ணால் கண்டதற்கு அத்தாட்சி எங்கிருந்து எடுப்பது? அவள் வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதிகாரி கோபப்படவில்லை. "பரவாயில்லை" என்று பேனாவை மூடிவைத்தார். அந்தச் சொல்லுக்குப் பிறகு அவளுக்கு ஒழுங்காகத் தூக்கமே இல்லை. ஜனவரியில் வரும் அடுத்த அமர்வுக்கு மிஸிஸ் ஹார்வூட் நேரில் வந்து, இவள் பொய் பேசாதவள், என் வீட்டுச் சாவியே இவளிடம்தான் இருக்கிறது என்று சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். இமெல்டாவின் கையில் இருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்குத்தான்.

நெருப்பு அணைந்து விளக்கு வந்தது. தட்டிலிருந்த கறுத்த இனிப்புப் புடிங்கைக் கிழவி துண்டு துண்டாக வெட்டி எல்லோருக்கும் வைத்தார். இரண்டாவது வாயில் இமெல்டாவின் கடைவாய்ப் பல்லில் ஏதோ நறுக்கென்றது.

சோற்றில் கல் கடிபட்டால் முகத்தில் காட்டக்கூடாது. துப்பவும் கூடாது, துப்பினால் சமைத்தவளின் முகம் சுருங்கிப்போகும். அவள் வளர்ந்த வளர்ப்பு அது. மாமியார் கையால் சாப்பிட்ட முதல் சோற்றிலேயே கல்லை விழுங்கித்தான் நல்ல மருமகள் என்று பெயரெடுத்தாள். இதுவும் கல்லாக இருக்கும், அல்லது ஏதாவது பொத்தானாக இருக்கும். பாவம், கிழவிக்குக் கண் மங்கல். கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தபோது, எதிரே இருந்த கிழவியின் மருமகள் ஜேன் அவளைப் பார்த்து, "எப்படி, பிடித்திருக்கிறதா?" என்று கேட்டாள். வாயில் பொருளை வைத்துக்கொண்டு எப்படிப் பதில் சொல்வது? இமெல்டா விழுங்கினாள். தொண்டையில் ஒரு கணம் அகலமாக நின்று, உள்ளே போயிற்று.

"நல்லாயிருக்கு," என்றாள்.

தட்டுகள் காலியானதும் பேத்தி லூசி கதிரையில் ஏறி நின்றாள். "காசு யாரிடம்? காசு யாரிடம்?"

விருந்தாளிகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அதுவரை யாரும் சொல்லவில்லையாம். மிஸிஸ் ஹார்வூட் இப்போது சொன்னார். தன் தாய் யோக்‌ஷயரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக்காசு ஒன்று வருடாவருடம் புடிங்குக்குள் போகும்; அது யார் வாயில் அகப்படுகிறதோ அவர் கண்ணை மூடி ஒன்றை வேண்டிக்கொள்ள வேண்டும்; பிறகு காசு கழுவித் துடைத்துப் பெட்டிக்குத் திரும்பிவிடும். ஆளாளுக்குத் தட்டைக் கிளறினார்கள். காசு இல்லை. மேசைவிரிப்பை உதறினார்கள். இல்லை.

தான் விழுங்கியது அதைத்தான் என்று இமெல்டாவுக்குப் புரிந்தது. சொல்ல வேண்டிய ஆங்கில வாக்கியத்தை அவள் மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தபோது லூசி இருமினாள். பிள்ளைக்கு ஏற்கெனவே தடிமன், காலையிலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ஆனால் காசு பிள்ளையின் தொண்டையில் என்று ஜேன் வீறிட்டுக்கொண்டு எழுந்து பிள்ளையின் முதுகில் அடிக்கத் தொடங்கினாள். பிள்ளை அழுதது, அழுததால் இன்னும் இருமியது. தகப்பன் பீற்றர் கார்ச் சாவியைத் தேடி ஓடினான்.

"இஞ்சேருங்கோ," என்று இமெல்டா மெல்லிய குரலில் சொன்னாள். "அது என்ரை வயித்துக்கை கிடக்குது."

"என்ன கிடக்குது?"

"காசு. நான் கல்லெண்டு நினைச்சு விழுங்கிப்போட்டன்."

எமிலியானுஸ் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தான். "உமக்கென்ன விசரே? வாயைத் திறக்காதையும். களவெண்டுதான் நினைப்பினம். பிள்ளையை டொக்டர் பாத்தால் ஒண்டுமில்லையெண்டு தெரியுந்தானே. வாற மாசம் கேஸ் கிடக்குதப்பா!"

அவன் சொன்னது முழுக்கச் சரிதான். பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. ஆனால் அழுகிற பிள்ளையின் கையைக் குளிர்ச்சட்டைக்குள் ஜேன் திணித்துக்கொண்டிருந்தாள். பொத்தானை மாறி மாறிப் போட்டாள். ஒரு தாய் பிள்ளைக்காகப் பதறுவதை, தம்பியைக் கொண்டுபோன அன்று இமெல்டா தன் வீட்டிலேயே கண்டவள். அவள் எழுந்தாள். கதிரை பின்னால் விழுந்தது.

"காசு என்னிடம். நான் விழுங்கிவிட்டேன்."

ஜேனின் கண் இமெல்டாவின் கைப்பைக்குப் போய் உடனே திரும்பியது. கண்மூடித் திறக்கும் நேரந்தான். இமெல்டாவுக்கு அது போதுமாயிருந்தது.

"ஏன் விழுங்கினாய்?" என்றார் மிஸிஸ் ஹார்வூட்.

"கல் என்று நினைத்தேன்."

"என் புடிங்கிலா?" கிழவியின் முகம் சுருங்கியது. எந்த முகம் சுருங்கக்கூடாது என்று அவள் அதை விழுங்கினாளோ, அதே முகம்.

எதற்கும் பிள்ளையைக் காட்டிவிடுவோம் என்றான் பீற்றர். இமெல்டா கேட்காமலே காரில் ஏறினாள். எமிலியானுஸும் முணுமுணுத்துக்கொண்டு ஏறினான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. வழியிலேயே லூசி நன்றாகத் தூங்கிப்போனாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையை எக்ஸ்றே எடுத்தார்கள். காசு இல்லை. பீற்றர் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நெடிய மூச்சுவிட்டான். பிறகு இமெல்டாவின் முகத்தைப் பார்க்காமல், "காசு எங்கேயாவது கிடக்கும். பரவாயில்லை, விடுங்கள்," என்றான்.

அதிகாரியின் அதே சொல். இவன் தாயிடம் போய் என்ன சொல்வான்? தாய் ஜனவரியில் வருவாரா? அவள் டொக்டரின் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள்.

"என்னையும் படம் எடுங்கள்."

டொக்டர் இளம் பிரெஞ்சுக்காரர். சிரித்தார். ஒரு காசுக்குப் படம் எதற்கு, இரண்டு நாளில் தானாக வெளியே வந்துவிடும் என்றார். வந்த பிறகு அதைக் கழுவிக்கொண்டுபோய்க் கொடுத்தால் யார் நம்புவார்கள்? பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள் என்பார்கள். இதை அவள் எந்த மொழியில் சொல்வாள்?

அப்போது எமிலியானுஸ் முன்னால் வந்தான். வாயைத் திறக்காதே என்று சொன்னவன், தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வேலையிடத்தில் பொறுக்கிய பிரெஞ்சில், "சில் வூ ப்ளே, டொக்டர்," என்று கெஞ்சினான். "சில் வூ ப்ளே." டொக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிள்ளை ஏதும் வயிற்றில் இல்லையே என்று கேட்டுக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார்.

தகடு முதுகில் ஐஸாகக் குளிர்ந்தது. மூச்சைப் பிடிக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில்தான் உண்மையான பயம் வந்தது. கடிபட்டது காசுதானா? வெறும் கொட்டையாக இருந்தால்? காசு மேசைக்குக் கீழேயே கிடந்தால்? மடு மாதாவே, அது எனக்குள் இருக்கவேண்டும் என்று மன்றாடினாள். மாதாவிடம் இப்படி ஒரு மன்றாட்டு இதற்கு முன்னர் போயிருக்காது.

படத்தை வெளிச்சப் பலகையில் செருகினார்கள். சாம்பல் நிறத்தில் அவளுடைய விலா எலும்புகள். அவற்றுக்குக் கீழே, சற்றே இடப்பக்கமாக, வெள்ளை வெளேரென்று ஒரு சின்ன வட்டம்.

பீற்றர் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். திரும்பியபோது இமெல்டாவின் முகத்தை நேராகப் பார்த்தான். தோளில் கிடந்த லூசி விழித்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

"அதோ! இமெல்டாவிடம்தான் இருக்கிறது! கண்ணை மூடு இமெல்டா, ஏதாவது வேண்டிக்கொள்!"

"மூடுமன், பிள்ளை கேக்குது," என்றான் எமிலியானுஸ்.

இமெல்டா மூடவில்லை. மூடித் திறப்பதற்குள் யாராவது விளக்கை அணைத்துவிடலாம். அந்த வட்டத்தை இமை தட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.