சிவப்புப் போடாதவன்

இரண்டு கல்லூரிகளும் பந்தாட்டத்தில் மோதும் நாளில் அவசரப் பிரிவில் தையல் நூல் தட்டுப்பாடு வந்துவிடும். பந்து வாங்கும் உதையைவிட ஆட்கள் வாங்கும் உதைதான் அதிகம். பதினாறு வருடமாக அங்கே மண்டைகளைத் தைத்துவரும் நர்ஸம்மாவுக்கு இது தெரியாதா? அப்படிப்பட்டவளின் மகன், சிவப்புச் சட்டைக்காரர்களின் சிவப்புக் கல்லூரியில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"அங்க ஒத்துமை இருக்கும்மா. ஒருத்தனைத் தொட்டா நூறு பேர் வருவாங்க. நீ சொல்ற காலேஜ்ல பக்கத்து பெஞ்சுக்காரன் செத்தாக்கூட எவனும் திரும்பிப் பார்க்கமாட்டான்."

"அந்த நூறு பேரும் மண்டைய ஒடச்சுக்கிட்டு எங்கிட்டதான்டா வர்றாங்க. நீ படிக்கப் போறியா, கத்தப் போறியா?"

"நீ கையெழுத்த மட்டும் போடும்மா."

சேர்க்கைப் படிவத்தை மாலை ஐந்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதைக் கையெழுத்துப் போடாமலே கைப்பையில் திணித்துக்கொண்டு வேலைக்கு வந்துவிட்டாள். அவனோ, இன்னும் சேராத கல்லூரியின் சிவப்புச் சட்டையை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போய்விட்டான்.

மூன்று மணிக்கே ரத்தம் வர ஆரம்பித்தது. கிழிந்த உதடு, பிளந்த நெற்றி, சங்கிலி பதிந்த முதுகு. நாலாவதாக, வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவனை ஆட்டோக்காரர் தோளில் சாய்த்துக் கொண்டுவந்தார். இடது கண் இருந்த இடம் கூழாகக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சை அழுத்தினாள்.

அப்போது கண்ணாடிக் கதவு நொறுங்கியது.

"இங்கதான்டா இருக்கான்! விடாத!"

சிவப்புச் சட்டைகள் திமுதிமுவென்று உள்ளே பாய்ந்தன. குளுக்கோஸ் கம்பி சாய்ந்தது. தடுத்த காவலாளியின் மூக்கில் ஒருவன் முட்டினான். முன்னால் வந்தவன் கொடிக்கம்பை ஓங்கினான். நர்ஸம்மா குறுக்கே கையை நீட்டினாள். மணிக்கட்டு எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"டேய்!"

முகக்கவசத்துக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலைக் கேட்டதும், மறுபடி ஓங்கிய கம்பு நின்றது. ஓங்கியவன் அவள் மகன்.

வலியில் கண் இருட்டியது. ஆனாலும் அடிபட்டவனின் சட்டைக்குள் கிடந்த அடையாள அட்டையை இழுத்து எல்லோர் முன்னாலும் காட்டினாள். சிவப்புக் கல்லூரி. கடைசி வருடம்.

"அய்யோ, நம்மாளுடா!" என்றான் ஒருவன். அவ்வளவுதான், வந்த கூட்டம் வந்த வழியே காணாமல் போனது. மகன் மட்டும் கம்போடு நின்றான்.

"எனக்குத் தெரியாதும்மா. மேட்ச் அன்னிக்கு கேட்ல சிவப்புப் போடாம நிக்கிறவன் எதிரின்னாங்க. புதுசா சேர்றவன்தான் மொத அடி அடிக்கணும்னாங்க. அடிச்சேன்."

"லைப்ரரிலேருந்து வந்தேன் சிஸ்டர்... மேட்ச்சுன்னே ஞாபகமில்ல" என்று முனகினான் படுத்திருந்தவன்.

டாக்டர் டார்ச்சை அணைத்தார். "கண்ணு போச்சு."

பெற்ற வயிறு பற்றியெரிந்தது. யாருக்காக எரிகிறது என்று அவளுக்கே விளங்கவில்லை. கம்பைப் பிடுங்கி அவனை அங்கேயே அடித்துக் கொல்ல வேண்டும் போலவும் இருந்தது, அவனைப் புடவைக்குள் ஒளித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

நாலரைக்குப் போலீஸ் வந்தது.

"அடிச்சது யாரு? யாராவது பார்த்தீங்களா?"

மகன் அவளையே பார்த்தான். ஐந்து வயதில் ஊசிக்குப் பயந்து இதே அறையில் பார்த்த அதே பார்வை.

நர்ஸம்மா நல்ல கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"இவன்தான். என் பையன்."

போலீஸ்காரர் சிவப்புச் சட்டையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நோட்டைத் திறந்தார். "எந்தக் காலேஜ்?"

"எந்தக் காலேஜும் இல்ல சார்" என்றாள். "இன்னும் சேரல."