படியில் நின்றவள்

...பொத்தான் அளவு என்றுதான் சொன்னாள் அந்த ஸ்கேன் எடுத்த பெண், சட்டைப் பொத்தானா, கோட்டுப் பொத்தானா என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று நாகவல்லி யோசித்தாள், கையில் டோக்கன் பதினேழு, உள்ளே போயிருப்பது பதினொன்று, இதய டாக்டர் அம்பத்தூருக்கு வருவதே சனிக்கிழமை மட்டும்தான், பத்து மணி என்று போட்டிருந்தாலும் வந்தது பதினொன்றரைக்கு, வரட்டும், ஐம்பத்தாறு வருஷம் பொறுத்த ஓட்டை இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்காதா... பிறவி ஓட்டையாம், இதயத்தின் மேல் அறைகள் இரண்டுக்கும் நடுச்சுவரில், காலில் குழாய் விட்டு அடைக்கலாமா, நெஞ்சைத் திறக்க வேண்டுமா என்பதை இந்தப் பெரிய டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதைக் கேட்கத்தான் இந்த நாற்காலி, இந்தக் கூட்டம். போன புதன்கிழமை நெஞ்சில் குளிர்ந்த பசையைத் தடவி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த பவ்யா என்கிற அந்தச் சின்ன டாக்டர் சட்டென்று கையை நிறுத்தி, என்னம்மா வேலை பார்க்கறீங்க என்றாள். போஸ்ட்மேன் என்றாள் இவள், அப்படித்தான் சொல்வது வழக்கம், சேக்காடு முழுக்க தபால் குடுக்கறது என் பீட்டுதான், இருபத்திரண்டு வருஷம், லிஃப்ட் இல்லாத ஃப்ளாட்டுங்க அம்பது அறுபது கீது, அத்தனையும் நான்தான் ஏறுவேன். அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், இதை வெச்சுக்கிட்டா ஏறினீங்க என்றாள்.

இதை வெச்சுக்கிட்டா ஏறினீங்க... மூன்று நாளாக அந்த ஒரு வார்த்தையையே நாகவல்லி மனசுக்குள் சப்பிக்கொண்டிருந்தாள், வேறு யாராவது இந்நேரம் அழுதுகொண்டிருப்பார்கள், இவளுக்கு என்னவோ நெஞ்சு நிமிர்ந்துதான் போனது, இருக்காதா பின்னே, பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் பாதியில் உட்கார்ந்தவள், கல்யாணமாகிப் பாரிவாக்கம் வந்த புதிதில் தண்ணீர்க் குடத்தை வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தவள், உடம்பு வணங்காதவள் என்று பேர் வாங்கினவள், புருஷன் உத்தமன்கூடக் கிண்டல் செய்வான், நாலு தெரு நடந்துட்டு நாற்பது காணி உழுத மாதிரி மூச்சு வுடுறியே என்று. ஸ்கேன் சீட்டைக் காட்டியதும் திருமழிசைப் பட்டறைக்கு லீவு போட்டுக் கூட வருகிறேன் என்றான், வேணாம், நானே போயிக்கறேன் என்றுவிட்டாள், இத்தனை வருஷம் இதைத் தனியாகத்தானே சுமந்தாள், கேட்கவும் தனியாகவே கேட்டுக்கொள்வாள். கண்ணாடியில் பார்த்தால் தெரியாத ஒரு ஓட்டையோடு, தோளில் பையோடு, மே மாத வெயிலில், சைக்கிளில்... ஒரு தபாலைக்கூட ஆள் இல்லை என்று பொய் எழுதித் திருப்பிக் கொண்டுவந்ததில்லை, இவள் லீவில் பீட்டுக்கு மாற்றாக வந்துபோன ஆம்பிளைங்க எத்தனை பேர் கீழேயே நின்று பெல் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மூச்சு வாங்குகிறது என்று வெளியில் காட்டிக்கொண்டதும் இல்லை, அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள், இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்று கட்டைப் பிரித்து, தபால்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்குவது, பார்க்கிறவர்களுக்கு வேலை செய்வதுபோல இருக்கும், அதற்குள் நெஞ்சு ஒரு வழிக்கு வந்துவிடும். அதுதான் வினையானது, பதினாறு பதினேழு வருஷம் இருக்கும், படியில் நின்றுகொண்டு எங்கள் கடிதங்களைப் படிக்கிறாள் என்று யாரோ பேர் போடாமல் எழுதிப் போட்டுவிட்டார்கள், போஸ்ட்மாஸ்டர் கூப்பிட்டுக் கேட்டார், மூச்சு முட்டுது சார் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே பீட்டைப் பிடுங்கி உள்ளே உட்கார வைத்திருப்பார்கள், அடுக்கினேன் சார் என்று மட்டும் சொன்னாள், மெமோவை வாங்கிக்கொண்டாள், மறுநாளும் அதே படியில் நின்றாள். அந்த ஆள் மட்டும் இப்போது கண்ணெதிரே வந்தால்...

"போஸ்ட்டம்மா தானே?"

நிமிர்ந்து பார்த்தால் நாகேந்திரன் சார், சேக்காட்டில் மூன்றாவது மாடி, ஃபேக்டரியில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி போனபின் தனி ஆள், இப்போது பாதியாக இளைத்துக் கைத்தடியோடு நின்றார். பக்கத்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார், பைபாஸ் முடிந்து ஆறு மாசம் என்றார், உங்களுக்கென்னம்மா என்றார். இதற்குத்தானே காத்திருந்தாள், பொறந்ததுலேர்ந்தே ஓட்டை சார், இத்த வெச்சுகினுதான் உங்க மூணு மாடியும் ஏறிக்கினு இருந்தேன், ரெண்டாவது மாடில நின்னு நின்னு வருவேன், பாத்திருப்பீங்க என்று, குரலில் பெருமை வழியச் சொன்னாள்.

அவர் கைத்தடியின் பிடியைத் தடவினார். "அது மூச்சுக்காகவாம்மா? நான் வேற நினைச்சுட்டேன். அன்னைக்கு எழுதிப் போட்டவன் நான்தான்."

நாகவல்லி டோக்கனைத் திருப்பிப் பிடித்தாள்.

"என் பையன் கார்டு ஒண்ணு. நம்ம ஆவடி போஸ்ட் ஆபீஸ் முத்திரை தீபாவளிக்கு முன்னாடியே விழுந்திருக்கு, என் கைக்கு வந்தது நாலு நாள் கழிச்சு. அந்தக் கோபம். இப்படி ஒரு நெஞ்சை வெச்சுக்கிட்டு நீங்க எப்படி வேகமா ஏறுவீங்க? என் தப்புதாம்மா." கவுன்ட்டர் பக்கம் கையைக் காட்டினார். "அதோ நிக்கிறான் பாருங்க, ஸ்ரீநாத். ஆபரேஷன்னதும் வந்துட்டான். இப்ப என்கூடத்தான்."

நரை விழுந்த ஓர் ஆள் வரிசையில் நின்று அப்பாவின் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தான்... அந்தக் கார்டில் இருந்த கையெழுத்து, சாய்ந்த எழுத்து, நான்கே வரி, இந்தத் தீபாவளிக்கு வரவில்லை, இனி எந்தத் தீபாவளிக்கும் வரமாட்டேன், எதிர்பார்க்க வேண்டாம், ஸ்ரீநாத். அன்றைக்கு அவள் படியில் நின்று அதைப் படித்தபோது மேலிருந்து எண்ணெய் காயும் வாசம் வந்தது, பையன் வரான், அவனுக்கு முறுக்குன்னா உசுரு, நானே சுட்டுப் பார்க்கறேன் என்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் இவர் சொல்லிக்கொண்டிருந்தார், நாகவல்லி கார்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள், தீபாவளி போய் மறுநாளும் போகட்டும் என்று... திருப்பிக் கொண்டுவந்ததே இல்லையா, சரி, கொண்டுவந்திருக்கிறாள், ஒன்றே ஒன்று. மன்னிப்பு என்று வந்துவிட்டது, இத்தனை வருஷம் கழித்து, ஆனால் அது மூச்சு முட்டினவளுக்கு அல்லவா வந்திருக்கிறது, கார்டை மறைத்தவளுக்கு இல்லையே, சார், அந்தக் கார்டு வந்து, என்று ஆரம்பித்தாள், என்னம்மா என்று அவர் காதைச் சாய்த்தார், பதினேழு, நாகவல்லி யாரு என்று நர்ஸ் கூப்பிட்டுவிட்டாள்.

உள்ளே டாக்டர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், ஓட்டையின் ஓரங்கள் நன்றாக இருக்கின்றன, நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, தொடை வழியாகவே அடைத்துவிடலாம், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார், இந்த இதயத்தை வைத்து நீங்கள் செய்தது பெரிய காரியம் என்று அவரும்தான் சொன்னார், அவள் எதிர்பார்த்த மாதிரியே, எதிர்பார்த்ததைவிட நன்றாகவே. பிறகு பேனாவை எடுத்தார்.

"படி ஏறும்போது நடுவுல நிப்பீங்களா?"

"நிப்பேன் சார்."

"எப்பவும் மூச்சு வாங்கத்தானே?"

எல்லோருக்கும் கேட்கிற கேள்விதான், தலையை ஆட்டினால் எழுதிக்கொள்வார்... ஒரே ஒரு நாள், மூச்சே வாங்காமல், கால்கூட வலிக்காமல், கையில் ஒரு கார்டோடு நின்றதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, சொல்ல வெட்கம் என்றுதான் நினைத்திருந்தாள், இப்போது பார்த்தால் வெட்கமாகவும் இல்லையே, அப்புறம் ஏன்...

"ஒரே ஒரு தபா மட்டும் அதுக்கு இல்ல சார்" என்றாள்.

டாக்டர் எழுதாமல் நிமிர்ந்து பார்த்தார்.